கேஸ் செக்கைக் காய்ச்ச வேண்டுமா?

துப்பாக்கிக் குண்டில் மாட்டும் முன் கேஸ் செக்கை நெருப்பில் காட்டி இளக்க வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு முன்னால், நீங்கள் வார்த்த குண்டின் அடிப்பகுதியை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தீர்களா என்று கேட்பேன். அமெரிக்காவில் சொந்தமாக ஈயக் குண்டு வார்த்துத் தோட்டா தயாரிப்பவர்களில் நிறையப் பேர் அந்த அளவை எடுக்காமலே தீ உமிழும் டார்ச்சைப் பற்றவைத்துவிடுகிறார்கள்.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். கேஸ் செக் என்பது குண்டின் அடியில் மாட்டும் குட்டிச் செம்புக் கிண்ணம், அவ்வளவுதான். வெடிமருந்து எரியும்போது கிளம்பும் சூடான வாயு குண்டின் ஓரம் வழியாகப் புகுந்து ஈயத்தை அரித்துக் குழலுக்குள் பூசிவிடாமல் அது தடுக்கிறது. குண்டின் அடியில் இதற்கென்றே சற்று ஒல்லியாக ஒரு ஷாங்க் விட்டு வார்ப்பார்கள். கிண்ணத்தை அதில் மாட்டி, குண்டைச் சரியான விட்டத்துக்கு நெருக்கும் அச்சான சைசிங் டையில் அழுத்தித் தள்ளினால் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பிடிக்காமல் போவதும் உண்டு, அங்கேதான் அனீல், அதாவது காய்ச்சி இளக்கும் பேச்சு வருகிறது. தகட்டிலிருந்து கிண்ணமாக அடித்து எடுக்கும்போதே செம்பு இறுகிப்போகிறது. அப்படி இறுகிய உலோகத்தை டையில் நெருக்கினால் வெளியே வந்ததும் மயிரிழை அளவு பழையபடி விரியும். ஆனால் உள்ளே இருக்கும் ஈயம் அப்படி விரியாது, நசுங்கினால் நசுங்கினதுதான். அந்த இடைவெளிதான் செக் லொடலொடவென்று ஆடுவதற்கும், குழலை விட்டு வெளியேறியதும் தனியே கழன்று பறப்பதற்கும் காரணம். கும்பகோணம் பாத்திரக்காரர்கள் தட்டித் தட்டி இறுகிய செம்பை நெருப்பில் காட்டி இளக்கி மறுபடி தட்டுவார்களே, கேஸ் செக்கை அனீல் செய்வதும் அதே வேலைதான். இளகிய செம்பு நெருக்கிய இடத்திலேயே அடங்கி நிற்கும்.

இப்போது ஷாங்குக்கு வருவோம். .30 காலிபரில், அதாவது குழலின் உள்விட்டம் 0.30 அங்குலம் உள்ள துப்பாக்கிக்கான குண்டில், ஷாங்கின் விட்டம் 0.284 அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதைவிட ஒல்லியாக இருந்தால் எவ்வளவு காய்ச்சினாலும் பிரயோஜனமில்லை, கிண்ணம் பிடித்துக்கொள்ள அங்கே ஈயமே இல்லையே! ஈயக் கலவையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் குண்டு வார்க்கும் மோல்டை மாற்றுங்கள். ஷாங்க் தடிமனாகி, செக் பாதியில் கோணலாக நின்றுவிடுகிறது என்றால் காய்ச்சுவது கொஞ்சம் உதவும். ஆனாலும் வாயை லேசாக அகட்டிக் கொடுக்கும் கூம்பு பஞ்ச் ஒன்று இருந்தால் வேலை அதைவிடச் சுலபம். அளவு சரியாக இருந்தும், சைஸ் செய்த பிறகு நகத்தால் நெம்பினால் கழன்று வருகிறதா? அப்போதுதான் காய்ச்சுவதில் அர்த்தம் இருக்கிறது. கெட்டித் தகட்டில் வீட்டிலேயே அடித்த செக்குகள்தான் பெரும்பாலும் இந்த வகையில் வரும்.

காய்ச்சுவது பெரிய வித்தை இல்லை. மூடியுள்ள சின்ன எஃகு டப்பாவில் போட்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் மங்கலான சிவப்பு தெரியும்வரை சூடாக்கினால் போதும். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதனால் பதற்றம் வேண்டாம். அப்புறம் தண்ணீரில் போட்டாலும் சரி, தானாக ஆற விட்டாலும் சரி, எஃகைப் போல செம்பு தண்ணீர் பட்டு இறுகாது. திறந்த தட்டில் பரப்பி டார்ச் பிடித்தால் கரிய பொருக்கு படியும். அதைப் போக்காமல் டைக்குள் தள்ளாதீர்கள், சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறினால் போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகே எடுத்து வையுங்கள். ஈரமான எதுவும் உருகிய ஈயப் பானைக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் ஈயம் முகத்தில் தெறிக்கும்.

அலுமினிய செக்குகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது சிவக்காமலே 660 டிகிரியில் உருகிவிடும். கண்ணை நம்பிக் காய்ச்சினால் கிண்ணம் இருந்த இடத்தில் ஒரு உருண்டைதான் மிஞ்சும். அதேபோல, ஏற்கெனவே குண்டில் மாட்டிய செக்கைச் சூடாக்கலாமா என்று கேட்காதீர்கள். சுத்த ஈயமே 327 டிகிரியில் உருகும், ஆன்டிமனி, தகரம் கலந்தால் அதற்கும் முன்பே.

குண்டை அடுப்பில் வைத்துக் கெட்டிப்படுத்துகிறவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். செம்பை நெருக்கினால் இறுகுகிறது, ஆனால் கெட்டிப்படுத்திய ஈயக் கலவையை நெருக்கினால் அது இளகுகிறது. அதனால் செக் மாட்டிச் சைஸ் செய்துவிட்டு, பிறகு அடுப்பில் வைத்துத் தண்ணீரில் போடுங்கள். அந்த 230 டிகிரி சுமார் சூட்டில் செக்குக்கு ஒன்றும் ஆகாது. லூப் (மசகு) போட மறுபடி டைக்குள் விடும்போது ஒரு பொடி பெரிய டையை எடுத்துக்கொண்டால் போதும்.

கடையில் வாங்கிய செம்பு செக்குகளை நான் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுகிறேன். புதுப் பெட்டி பிரித்தால் ஓரிரண்டை நகத்தால் நெம்பிப் பார்ப்பேன், கழன்றால் மட்டும் டப்பா நெருப்புக்குப் போகும்.