பிளையர் எத்தனை செட் இருக்கு?

போன மாசம் எங்க கிளினிக்குக்கு கேபிஎம்இ, அதாவது கர்நாடகால தனியார் கிளினிக்குக்கு வேண்டிய ரெஜிஸ்ட்ரேஷன், அதோட ரினியூவல்னு இன்ஸ்பெக்ஷன் வந்தாங்க. ஒரு மணி நேரம் இருந்திருப்பாங்க, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி கையெழுத்து போட்டுட்டு கிளம்பிட்டாங்க, எங்க டாக்டர் மேடம் சந்தோஷத்துல எல்லாருக்கும் மைசூர்பாக் வாங்கி குடுத்தாங்க. எனக்கு மட்டும் மனசு ஆறல, அத எழுதிடலாம்னுதான் உக்காந்தேன்.

நான் பெங்களூர்ல பல்லுக்கு கிளிப் போடுற கிளினிக்ல அசிஸ்டென்ட். ஊரு திருப்பத்தூர் பக்கம், இங்க வந்து 11 வருஷம் ஆச்சு. டாக்டர் கைக்கு சாமான் எடுத்து குடுக்குறது, அத கழுவுறது, பவுச்ல போட்டு ஒட்டுறது, சூடான ஆவில கிருமிய கொல்ற ஆட்டோகிளேவ் மெஷின ஓட்டுறது எல்லாம் என் வேலை.

கர்நாடகால தனியார் கிளினிக் நடத்தணும்னா 2007ல வந்த கேபிஎம்இ சட்டப்படி ரெஜிஸ்டர் பண்ணணும். வந்தவங்க அந்த சர்டிபிகேட் கேட்டாங்க, மேடத்தோட டென்டல் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் பாத்தாங்க, ரேட் போர்டு மாட்டிருக்கான்னு பாத்தாங்க, எக்ஸ்ரே மெஷினுக்கு ஏஇஆர்பிங்குற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட பேப்பர், குப்பை எடுக்குற கம்பெனியோட அக்ரிமென்ட், மஞ்சள் சிவப்பு வெள்ளை நீலம்னு கலர் கலரா டப்பா வச்சிருக்கோமான்னு எல்லாம் பாத்தாங்க. 2016 ரூல்ஸ்படி ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள்ல, கிளவுஸ் சிவப்புல, ஊசியும் நாங்க வெட்டுற கம்பி துண்டும் குத்தி வெளிய வராத வெள்ளை டப்பால. இதெல்லாம் தேவைதான், பாக்க வேண்டியதுதான், நான் குறை சொல்லல. ஆனா நான் வேலை பாக்குற அந்த சின்ன கழுவுற ரூமுக்குள்ள ஒருத்தர் தலைய மட்டும் நீட்டி ஆட்டோகிளேவ் இருக்கான்னு கேட்டாரு, இருக்கு சார்னேன், சரின்னு போயிட்டாரு. கம்பிய வளைக்க, வெட்ட வாய்க்குள்ள போற பிளையர் எத்தனை செட் இருக்குன்னு யாருமே கேக்கல.

அதுல என்ன இருக்குன்னு தோணும். கிளிப் போட்ட பிள்ளைங்க ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம் மாசாமாசம் வருவாங்க. ஒவ்வொரு தடவையும் கம்பிய கழட்டி, புது கம்பி மாட்டி, நுனிய வெட்டி, ரப்பர் மாத்தணும், அதுக்கு வெயின்கார்ட், மாத்யூ, டிஸ்டல் எண்ட் கட்டர்னு நாலஞ்சு சாமான் வாய்க்குள்ள போகும். ஈறுல லேசா ரத்தம் வர்றது சகஜம். இந்த பிளையருக்கெல்லாம் நடுவுல மூட்டு இருக்கு பாருங்க, எச்சில் ரத்தம் எல்லாம் போய் உக்காருற இடம் அதுதான். மேலாப்புல ஸ்பிரிட் போட்டு துடைச்சா அந்த மூட்டுக்குள்ள ஒண்ணுமே ஆகாது.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு கிளினிக்ல துடைக்கத்தான் செஞ்சோம். கேட்டா ஆட்டோகிளேவ்ல போட்டா பிளையர் துரு புடிச்சிடும், முனை மழுங்கிடும், ஒரு கட்டர் என்ன விலைன்னு தெரியுமாம்பாங்க. துரு புடிக்குறது நெசம்தான், ஆனா அது ஈரத்தோட உள்ள வைக்குறதால. அதிர்வுல அழுக்க எடுக்குற அல்ட்ராசோனிக் மெஷின்ல கழுவி, நல்லா காய வச்சு, மூட்டுல எண்ணெய் விட்டு, வாய தொறந்த மாதிரி வச்சு, டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி ஓட்டுனா வருஷக்கணக்கா வருது, நானே பாக்குறேன்.

உண்மையான காரணம் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் 4 மணில இருந்து 8 மணி வரைக்கும் 32 பேஷண்ட், அப்போ மணிக்கு 8 பேர். ஆட்டோகிளேவ் 134 டிகிரில 3 நிமிஷம்தான்னு சொல்லுவாங்க, ஆனா அது சூடேறி, அந்த 3 நிமிஷம் நின்னு, ஆவி போயி, காயுறதுக்கு முக்கால் மணி நேரம் ஆயிடும், அதுக்கு முன்னாடி கழுவுறது, காய வைக்குறது, பவுச் ஒட்டுறது, அப்புறம் ஆறுறது, எல்லாம் சேத்தா ஒரு செட் திரும்ப கைக்கு வர்றதுக்கு ஒண்ணேகால் மணி நேரம் வேணும். அப்போ அந்த ஒண்ணேகால் மணி நேரத்துல வர்ற 10 பேரோட 10 செட் கழுவுற ரூம்லயே இருக்கும், ரெண்டு சேர்ல ரெண்டு, ஆக 12 இல்லாம ஓட்டவே முடியாது. அந்த பழைய கிளினிக்ல இருந்தது 4. டாக்டர் கெட்டவர் இல்ல, நானும் சோம்பேறி இல்ல, 4 செட்ட வச்சுகிட்டு அந்த சனிக்கிழமைய யாராலயும் ஒழுங்கா ஓட்ட முடியாது.

ஒருநாள் ஒரு அக்கா, பொண்ண சேர்ல உக்கார வச்சுட்டு என் கையவே பாத்துட்டு இருந்தாங்க. திடீர்னு "ஏம்மா, இது இப்ப போன பையனுக்கு போட்டதுதானே?"ன்னு கேட்டாங்க. நான் "இல்லக்கா, கிளீன் பண்ணியாச்சு"ன்னு சொல்லிட்டேன். அவங்க நம்பி தலையாட்டுனாங்க. அந்த தலையாட்டல் இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. ரெண்டு மாசத்துல அந்த வேலைய விட்டுட்டேன்.

எங்க அண்ணி இங்கிலாந்துல ஒரு ஆர்த்தோ, அதாவது பல்லுக்கு கிளிப் போடுற கிளினிக்ல டென்டல் நர்ஸ். அங்க ஆஸ்பத்திரி, கிளினிக் எல்லாம் செக் பண்ண கேர் குவாலிட்டி கமிஷன்னு ஒண்ணு, பல் கிளினிக் எல்லாம் 2011ல இருந்து அதுல ரெஜிஸ்டர் ஆகணும். பாதுகாப்பா இருக்கா, பலன் இருக்கா, அக்கறையா பாக்குறாங்களா, பேஷண்ட் தேவைக்கு ஏத்த மாதிரி நடக்குதா, நிர்வாகம் ஒழுங்கா இருக்கான்னு 5 கேள்வி. இன்ஸ்பெக்டரோட ஒரு பல் டாக்டரும் கூட வந்தாராம், வந்து அண்ணிகிட்ட "ஒரு ட்ரேய அழுக்கா வந்ததுல இருந்து பவுச்ல போற வரைக்கும் செஞ்சு காட்டுங்க"ன்னு சொல்லிட்டு பக்கத்துலயே நின்னாராம். ரிசப்ஷன் பொண்ணுகிட்ட யாராவது மயங்கி விழுந்தா ஆக்சிஜன் எங்க இருக்குன்னு கேட்டாங்களாம். ஒரு பிள்ள உடம்புல காயத்தோட வந்தா யார்கிட்ட சொல்லுவீங்கன்னு கூட கேட்டிருக்காங்க, கிளிப்புக்கு வர்றதுல முக்காவாசி பிள்ளைங்கதானே, எனக்கு அது ரொம்ப பெரிய விஷயமா பட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு குடுக்குற மாதிரி ரேட்டிங் பல் கிளினிக்குக்கு கிடையாதாம், ஆனா ரிப்போர்ட்ட நெட்ல போட்டுடுவாங்க, யார் வேணா படிக்கலாம். அங்கயும் குறை இல்லாம இருக்காது, வர்றாங்கன்னு முன்னாடியே தெரியும்னு அண்ணியே சொன்னாங்க. இருந்தாலும் கழுவுறவ கைய ஒருத்தர் நின்னு பாத்தாரு பாருங்க, அதுக்காக ஏங்குறேன்.

பேண்ட் விஷயமும் சொல்லிடுறேன். கடவாப்பல்லுக்கு வளையம் மாதிரி ஒண்ணு போடுவாங்க, சைஸ் பாக்க ரெண்டு மூணு போட்டு பாப்பாங்க. சேராதது திரும்ப டப்பாவுக்குள்ள போகும். கழுவி ஆட்டோகிளேவ் பண்ணிட்டு போகுதா, அப்படியே போகுதாங்குறது அசிஸ்டென்டுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்க பிள்ளைக்கு கிளிப் போட போறீங்கன்னா, டாக்டர் எம்டிஎஸ் ஆர்த்தோவான்னு கேளுங்க, பிடிஎஸ் முடிச்சு மேல 3 வருஷம் அது. பவுச்ச உங்க முன்னாடி கிழிக்க சொல்லுங்க, தேதி பாருங்க. பவுச்ல கலர் மாறிருந்தா சூட்டுக்குள்ள போயிட்டு வந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், கிருமி செத்துச்சான்னு தெரிய ஸ்போர் டெஸ்ட் பண்ணணும், அது எப்ப பண்ணீங்கன்னும் கேளுங்க. தப்பா எடுத்துப்பாங்களோன்னு கூச்சப்படாதீங்க. கேபிஎம்இல 2017ல திருத்தம் வந்துச்சு, அதுல பேஷண்ட் உரிமைன்னு ஒரு சாசனமே இருக்கு, கலெக்டர் மாதிரி இங்க இருக்குற டிசி தலைமைல கமிட்டி இருக்கு, புகார் குடுக்கலாம்.

இன்ஸ்பெக்ஷன் முடிஞ்ச மறுநாள் மேடம்கிட்ட இந்த கணக்க ஒரு பேப்பர்ல எழுதி குடுத்தேன். இங்க 9 செட் இருக்கு, சனிக்கிழமைக்கு பத்தாது, கடைசி பேஷண்ட் எல்லாம் காத்துகிட்டு உக்காந்திருப்பாங்க. துடைச்சு குடுக்க நான் ஒத்துக்க மாட்டேன்னும் சொன்னேன், குரல் கொஞ்சம் நடுங்குச்சு. மேடம் ரெண்டு தடவ படிச்சாங்க. நேத்து சாயங்காலம் 4 செட் வந்துச்சு, புது எண்ணெய் வாசனையோட, ஒவ்வொண்ணா எடுத்து மூட்ட தொறந்து பாத்துட்டு ராத்திரி முதல் லோடுல வச்சுட்டுதான் வீட்டுக்கு வந்தேன்.