பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? எங்கள் வீட்டில் ஒரு வாரம்

பத்தாம் வகுப்பில் மகள் 500-க்கு 438 வாங்கினாள். முடிவு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கோயம்புத்தூரிலிருந்து என் அண்ணன் போன் செய்துவிட்டார். "முதல் குரூப்தானே?" என்பதுதான் முதல் கேள்வி. வாழ்த்து அதற்குப் பிறகுதான் வந்தது.

இராஜபாளையத்தில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். குரூப் விஷயத்தில் எனக்குச் சொந்தமாகவே ஒரு வடு உண்டு. 1996-ல், கூட்டாளி சேர்ந்தான் என்பதற்காகத் தாவரவியலும் விலங்கியலும் உள்ள குரூப்பில் சேர்ந்தேன். கணிதம் படிக்காதவனுக்குப் பொறியியலில் இடமே இல்லை என்பது பிளஸ் டூ முடிந்த பிறகுதான் உறைத்தது. மருத்துவத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. அப்பா கடைச் சாவியைக் கையில் கொடுத்தார். என் மகளுக்கு எந்த வழியும் அடைபடக் கூடாது, ஆகவே இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் உள்ள முதல் குரூப் என்பதுதான் தொடக்கத்தில் என் கட்சியும்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் மதிப்பெண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. 400-க்கு மேல் என்றதும் விண்ணப்பத்தில் அவராகவே முதல் குரூப் என்று எழுதப் போனார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனோ அந்த நிமிடத்தில் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் இடம் நிற்காது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பெற்றோரும் செய்யும் தவற்றைத்தான் நானும் செய்தேன். "நீ என்னவாக வேண்டும்?" என்று கேட்டேன். முதல் நாள் கம்ப்யூட்டர் என்றாள், அவள் தோழிகள் எல்லோரும் அதில் சேர்கிறார்கள். மறுநாள் ஐ.ஏ.எஸ். மூன்றாம் நாள், "தெரியவில்லை அப்பா" என்று அழுதாள். பதினைந்து வயதில் வேறு என்ன சொல்வாள்? எனக்கு நாற்பதைத் தாண்டியும் தெரியவில்லை.

மனைவி வேறு பக்கமிருந்து வந்தாள். "வீட்டுப்பாடத்தில் கடைசிவரை தள்ளிப்போடுவது எதை என்று பார்த்திருக்கிறீர்களா? அறிவியலை." மதிப்பெண் பட்டியலை எடுத்தேன். அறிவியலில் 91, கணிதத்தில் 84. அந்த 91 விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து உருப்போட்டு வாங்கியது. 84 அவளே போட்டது. இரண்டும் பட்டியலில் ஒரே மாதிரி எண்ணாகத்தான் தெரிகின்றன.

அன்றிரவு கடை பில்லின் பின்பக்கத்தில், எந்த குரூப் எடுத்தால் எது அடைபடும் என்று எழுதினோம். அப்போதுதான் என் வாதத்தின் ஓட்டை தெரிந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட் ஆஃப் மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உயிரியலுக்கு அங்கே வேலையே இல்லை. நீட் தேர்விலோ கணிதம் கிடையாது. இரண்டுக்கும் வழி வைக்கிறேன் என்று நாலு கனமான பாடங்களைச் சுமக்கிற பிள்ளை, கடைசியில் ஏதோ ஒன்றை இரண்டு வருடம் வீணாகத்தான் சுமந்திருக்கும். எந்தப் பக்கம் போவது என்று நிஜமாகவே திணறுகிற பிள்ளைக்கு அந்தச் சுமை தகும். இரண்டு பக்கமும் போக விரும்பாத பிள்ளைக்கு எதற்கு?

வணிகவியல் எடுத்தால் மருத்துவமும் பொறியியலும் போயே போய்விடும், அதில் மழுப்பல் வேண்டாம். வேளாண்மையும் போய்விடும். சட்டம் இருக்கும், பி.காம்., சி.ஏ. இருக்கும், பட்டம் மட்டும் கேட்கிற அரசுத் தேர்வுகள் எல்லாம் இருக்கும். மகள் அந்தத் தாளை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுப் பையனிடம் பிளஸ் ஒன் புத்தகங்களை இரவல் வாங்கி வந்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இயற்பியலை இரண்டு பக்கம் புரட்டி மூடினாள். கணக்குப்பதிவியலில் ஓரிடத்தில் நின்றாள். "அப்பா, பேரேடு என்று போட்டிருக்கிறது. நம் கடையில் இருப்பதுதானே?"

எட்டாம் வகுப்பிலிருந்து ஞாயிறு மாலைகளில், அன்றாட வரவு செலவு எழுதும் சிட்டையிலிருந்து, தனித்தனிக் கணக்காகப் பிரித்து எழுதும் பேரேட்டுக்கு ஏற்றுவது அவள்தான். கடை ஒத்தாசை என்று நினைத்திருந்தேனே தவிர, படிப்போடு சேர்த்துப் பார்த்ததில்லை. அந்த வாரமே ஒன்று நடந்தது. மாதக் கணக்கில் 90 ரூபாய் இடித்தது. நான் வரிவரியாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்து, "ஒன்பதால் வகுபடுகிறது, எங்கேயோ இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்" என்றாள். ஒரு பெயிண்டரின் பற்றில் 540 என்பதை 450 என்று எழுதியிருந்தேன். அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது மறைந்துபோன என் அப்பா.

எங்கள் ஆடிட்டரிடம் கேட்டேன். சி.ஏ. முதல் நிலைத் தேர்வில் கணிதமும் புள்ளியியலும் ஒரு தாளாகவே வரும், ஆகவே வணிகவியலில் சேர்த்தால் வணிகக் கணிதம் உள்ள பிரிவாகப் பார்த்துச் சேருங்கள் என்றார். கூடவே, "சி.ஏ. என்று இப்போதே பட்டம் கட்டிவிடாதீர்கள், பலர் பாதியில் விடுகிற படிப்பு அது" என்றும் எச்சரித்தார். இந்த இரண்டாவது பேச்சுக்காகவே அவர்மேல் மரியாதை கூடியது.

வணிகவியல் என்று முடிவானது. அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. அம்மா, "பேத்தி ஊசி போடுவாள் என்று இருந்தேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பள்ளியில், எங்கள் சம்மதத்தோடுதான் இந்தப் பிரிவு என்று கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். கையெழுத்துப் போடும்போது கை லேசாக நடுங்கியதை மறைக்கவில்லை.

முதல் இடைப்பருவத் தேர்வு முடிந்துவிட்டது. கணக்குப்பதிவியலில் 50-க்கு 46. பொருளியலில் 27. வரைபடமெல்லாம் வளைந்து வளைந்து போகிறது, ஒன்றும் புரியவில்லை என்கிறாள். அண்ணனிடம் 46-ஐ மட்டும் சொல்லியிருக்கிறேன்.