யாரிடம் கேட்கப் போகிறீர்கள்?

ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுப்பவன் நான். மக்கள் எப்படிப் போராடி அரசியல் மாற்றம் கொண்டுவருகிறார்கள் என்ற பாடத்தை முதல் வருடம் நடத்திய விதத்தை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. பெரிய தலைவர்கள், பெரிய ஊர்வலங்கள், ஆண்டுகள். கடைசி வகுப்பில் ஆளுக்கொரு தட்டி எழுதச் சொன்னேன். எல்லாவற்றிலும் ‘ஊழலை ஒழிப்போம்’, ‘இயற்கையைக் காப்போம்’. இதை யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்க ஆளில்லை என்றால், செய்து தரவும் ஆளில்லை.

அடுத்த வருடம் தட்டிப் பக்கமே போகவில்லை. யாரிடம், என்ன கேட்கப் போகிறீர்கள்? இந்த ஒரு கேள்வியிலேயே மூன்று வாரம் ஓடியது.

முதலில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பை எடுத்தோம். கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தது பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பின் வந்த 381 நாட்களை யாரும் யோசித்ததில்லை. “அப்போ வேலைக்கு எப்படி சார் போனாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு விழித்துக்கொண்டது அங்கேதான். பலர் நடந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் முறை போட்டு ஏற்றிச் சென்றார்கள், எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று பட்டியலே இருந்தது. இன்னொன்றும் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். தொடக்கத்தில், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியே உட்காரவைக்கும் பிரிவினையை அடியோடு ஒழிக்கச் சொல்லிக்கூட அவர்கள் கேட்கவில்லை. மரியாதையாக நடத்துங்கள், முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும், கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை வையுங்கள், அவ்வளவுதான். அதுவும் நடக்கவில்லை. வழக்குப் போட்டார்கள், பேருந்துகளில் பிரிவினையே செல்லாது என்ற தீர்ப்பை 1956-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அப்புறம் எங்கள் கோரிக்கை. பள்ளி வாசலில் சாலையைக் கடக்க வெள்ளைக் கோடு வேண்டும் என்று அவர்களே வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. என் கட்சி, என் ஓட்டு பற்றி வகுப்பில் பேசுவதில்லை என்பதும், பெற்றோர் கையெழுத்தில்லாமல் யாரும் வெளியே மனு கொடுக்கக் கூடாது என்பதும் தலைமையாசிரியரிடம் நான் கொடுத்திருந்த வாக்கு. ‘அரசியல்’ என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வியர்த்துவிடும்.

கையெழுத்து வேட்டையில் ஒரு பையன் ஒரே கையெழுத்தில் பதினோரு பெயர் எழுதி வந்தான். திட்டவில்லை. பிரிட்டனில் உழைக்கும் ஆண்களுக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் 1848-ல் கொடுத்த மனுவில் விக்டோரியா அரசியின் பெயரிலேயே போலிக் கையெழுத்து இருந்ததையும், நாடாளுமன்றம் சிரித்ததையும் சொன்னேன். அவனே அந்தத் தாளைக் கிழித்தான். நியூசிலாந்துப் பெண்களின் கதை நேர் எதிர். வாக்குரிமை கேட்டு 1891-ல் சுமார் 9,000 கையெழுத்து, மறு ஆண்டு சுமார் 20,000, 1893-ல் ஏறக்குறைய 32,000. தாள்களை ஒட்டிச் சுருட்டிய அந்தப் பெரிய மனுவை நாடாளுமன்றத்தின் தரையில் உருட்டி விரித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சட்டம் வந்தது. மூன்று தடவை கேட்டார்கள் என்பதுதான் என் மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரே தடவையில் முடிய வேண்டும் அவர்களுக்கு.

சரி, எங்கள் மனு என்ன ஆனது? ‘அந்தச் சாலை எங்கள் பொறுப்பில் இல்லை’ என்று ஒரு வரியில் திரும்பி வந்தது. மூன்று வாரம் ‘யாரிடம்’ என்று கேட்ட நானே சாலை யாருடையது என்று விசாரிக்கவில்லை! வகுப்பில் அதை ஒப்புக்கொண்டேன். சரியான துறையை அவர்களே கண்டுபிடித்து மறுபடி அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில்.

சிலர் கைதட்டினார்கள். பதினோரு பெயர் எழுதியவன் மட்டும், “எந்தத் தேதிக்குள்ளேன்னு போடலையே சார்?” என்றான். அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொன்னேன்.