திருப்பூர் உப்பும் மூன்று கல்லூரிகளும்

திருப்பூர் பக்கம் சாயக்கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்து எனக்கு நாலு வருஷம் ஆகிறது. நான் மெக்கானிக்கல் துறை, தெர்மல் நடத்துகிறேன். முதல் இரண்டு வருஷமும் என் மாணவர்கள் பாய்லரையும், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் எவாபரேட்டரையும் பார்ப்பார்கள், ஒரு டன் நீராவிக்கு எவ்வளவு விறகு என்று குறித்துக்கொள்வார்கள், திரும்பி வந்து எவாபரேட்டரின் செயல்திறனை இன்னும் இரண்டு சதவீதம் எப்படிக் கூட்டலாம் என்று அறிக்கை எழுதுவார்கள். நல்ல அறிக்கைகள்தான். மனசாரத்தான் மதிப்பெண் போட்டேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது வருஷம் ஒரு கல்லூரியின் டெக்ஸ்டைல் துறையும் இன்னொரு கல்லூரியின் சிவில் துறையும் எங்களோடு சேர்ந்த பிறகுதான் அது புரிந்தது.

இந்த ஊர்க் கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகப் போய் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் கடைசியில் சாயத்தண்ணீர்தான் தேங்கி நின்றது. விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஜீரோ டிஸ்சார்ஜை, அதாவது கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத நிலையை, எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதற்கப்புறம்தான் ஆர்.ஓ. (சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரிப்பது), எவாபரேட்டர், உப்பு மீட்பு என்று இன்றைக்கு நாம் பார்க்கிற இந்த ஏற்பாடு முழுதாக நிலைபெற்றது.

அந்த ஏற்பாட்டில் கஷ்டமான இடம் கடைசிக் கட்டம். ஆர்.ஓ. தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிடும், மீதி இருக்கும் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் ஆவியாக்கச் சுமார் 627 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். ஒரு அறையில் வந்த ஆவியை வைத்தே அடுத்த அறையைச் சூடாக்கும் நாலு எஃபெக்ட் எவாபரேட்டர் என்றால் ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். அப்படியும் பாய்லர் வாசலில் விறகு மலைபோல் கிடக்கிறது. ஆற்றைக் காப்பாற்ற எரிக்கிற விறகு அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

மூன்று கல்லூரி மாணவர்களும் முதல் தடவையாகச் சேர்ந்து போன அன்றைக்கு நடந்தது அப்படியே நினைவில் இருக்கிறது. ஆர்.ஓ. ரிஜெக்ட், அதாவது மிஞ்சும் உப்புக் கரைசல், வந்து விழும் தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். சிவில் மாணவர்கள் மீட்டரை முக்கி டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு) எவ்வளவு என்று பார்த்தார்கள், என் மாணவர்கள் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டார்கள், டெக்ஸ்டைல் மாணவி ஒருத்தி மட்டும் அன்றைக்கு எந்த ஷேடு ஓடுகிறது என்று கேட்டாள். மற்றவர்களுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசும்போது நிறம் எதற்கு என்று என் பையன் ஒருவன் அவளிடமே கேட்டுவிட்டான்.

அவள் நோட்டைத் திருப்பி அங்கேயே எழுதிக் காட்டினாள். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாக நூலில் ஏறாது, உப்பு போட்டுத்தான் ஏற்ற வேண்டும். வெளிர் நிறத்துக்கு உப்பு கம்மி. கறுப்பு, நேவி மாதிரி அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 70 கிராம் வரைக்கும் போகும். ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 420 கிராம் உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டீஷர்ட்டுக்கு 84 கிராம். இதில் எதுவுமே துணியில் தங்காது, சாயத்தை உள்ளே தள்ளிவிட்டு அப்படியே இந்தத் தொட்டிக்கு வந்துவிடும்.

பக்கத்தில் வால்வைத் திருகிக்கொண்டிருந்த ஆப்பரேட்டர் அண்ணன் நிமிர்ந்து, "ஏனுங்க, அங்க உப்பைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொன்னாப் போதுமுங்க, இங்க எங்களுக்கு வெறகு மிச்சமாகுமுங்க" என்றார்.

பதினைந்து வருஷமாக வெப்பவியல் நடத்துகிறேன். எவாபரேட்டருக்குள் வந்த பிறகு என்ன செய்யலாம் என்பதில்தான் என் யோசனை முழுக்க இருந்தது. வருகிறதையே குறைக்கலாம் என்பது என் பாடத்தில் இல்லை, டெக்ஸ்டைல் பாடத்தில் இருக்கிறது. அவர்களுக்கோ நீராவிக் கணக்கு கிடையாது. சிவில் துறையிடம் தண்ணீரின் தரம் பற்றி எல்லாம் இருக்கிறது, உப்பு எங்கிருந்து வருகிறது என்பது இல்லை. மூன்று துறைகளும் வருஷக்கணக்காக ஒரே ஆற்றைப் பற்றித்தான் பாடம் நடத்தியிருக்கிறோம்.

அடுத்த ஆறு மாதம் வேலை நடந்தது. அந்த மாணவியும் என் பையன்கள் இருவரும் டெக்ஸ்டைல் லேபில் உட்கார்ந்து லேப் டிப் (சின்னத் துணித்துண்டில் சாயம் ஏற்றிப் பார்ப்பது) போட்டார்கள். உப்பை 70-இல் இருந்து 50-க்கு இறக்கினால் ஆயிரம் கிலோ துணிக்கு 120 கிலோ மிச்சம். ரிஜெக்டில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால் 2,000 லிட்டர் கொதிக்க வைக்கிற வேலை இல்லை, நாலு எஃபெக்டிலும் 300 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த ராத்திரி பதினொரு மணிக்கு என் பையன்களில் ஒருவன் எனக்கு போன் செய்தான்.

ஆனால் டையிங் மாஸ்டர் சாம்பிளை, நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு, கறுப்பு வெளுத்திருக்கிறது, இதை பையர் வாங்க மாட்டார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. குறைந்த உப்பிலேயே ஏறும் சாயவகையை எடுத்தபோது நடுத்தர நிறங்கள் நன்றாக வந்தன, கறுப்பு கடைசிவரை வரவில்லை. பசங்க சோர்ந்து போனார்கள். எனக்கோ அதுதான் இந்த நாலு வருஷத்தில் கிடைத்த மிக நல்ல ஆராய்ச்சி முடிவு, ஏனென்றால் அடுத்த மாணவர் பேட்ச் எங்கே தொடங்க வேண்டும் என்று அது காட்டிக் கொடுத்தது.

கல்லூரிப் பக்கம் பட்ட பாடு வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்து ஒரே நாளில் முடிந்தது. ஆனால் இரண்டு கல்லூரிகள் தன்னாட்சி, அவரவர் பாடத்திட்டம், அவரவர் தேர்வு அட்டவணை. இன்னொன்று அப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறை) ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் பொதுவாக ஓய்வான வாரம் ஒரு செமஸ்டரில் இரண்டுதான் கிடைத்தது. வேறு கல்லூரி ஆசிரியர் வழிநடத்திய ப்ராஜெக்டுக்கு யார் மதிப்பெண் போடுவது என்பதை முடிவு செய்யவே ஒரு மாதம் போயிற்று. மாணவிகள் ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும், ஆனால் நிலையத்தில் ஷிஃப்ட் மாறும்போதுதான் சரியான அளவுகள் கிடைக்கும். எங்களோடு வேலை செய்த ஒரு மேடத்துக்கு, கட்டுரையில் முதல் பெயர் வேறு கல்லூரிக்காரருடையது என்பதால் அந்த உழைப்பைப் பதவி உயர்வுக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. சேர்ந்து வேலை செய்யுங்கள் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம், சேர்ந்து செய்கிறவரின் உழைப்பைக் குறிக்க எந்தப் படிவத்திலும் இடம் வைக்கவில்லை.

இப்போது இரண்டு விஷயத்தை மாற்றியிருக்கிறோம். மூன்று கல்லூரிக்கும் பொதுவாக ஒரே தரவுக் கோப்பு. போன பேட்சின் அளவுகளில் இருந்துதான் புது பேட்ச் தொடங்க வேண்டும், யாரும் பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிக்கக் கூடாது. அப்புறம், ஒவ்வொரு குழுவிலும் மூன்று துறை ஆட்களும் கட்டாயம். மீட்கும் உப்பில் கிளாபர் உப்பு (சாயம் ஏற்றப் போடும் சோடியம் சல்பேட்) பட்டறைக்கே திரும்பிப் போய்விடுகிறது, ஆனால் எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது. இந்த வருஷம் சிவில் மாணவர்கள் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் போனபோது ஆப்பரேட்டர் அண்ணன் தன் லாக் புத்தகத்தைக் காட்டினார். அச்சடித்த கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, மேலே "ஷேடு" என்று எழுதியிருந்தார். பட்டறைகளுக்கு போன் போட்டுக் கேட்டு அவரே நிரப்புகிறார். பாதி நாள் காலியாகத்தான் இருக்கிறது, போனை எடுக்க மாட்டேன்கிறார்கள் என்றார். எந்தெந்தப் பட்டறை என்று நம்பரை வாங்கி வந்து அந்த மாணவியின் ஜூனியர்களிடம் கொடுத்திருக்கிறேன்.