மழைக்கு முன்பே பேசிக்கொள்வோம்

மே 14

காலை முன்னறிவிப்பு: மேல், சப்ரகமுவ மாகாணங்களில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேல் பலத்த மழை. ஆனால் அம்புலன்ஸை அனுப்புகிற எங்களுக்கு வேண்டியது வேறு. எத்தனை மணிக்குப் பிறகு? வண்டியொன்றை இப்போதே வெல்லம்பிட்டிப் பக்கம் நிறுத்தி வைக்கட்டுமா?

மே 15

கொழும்பில் நல்ல வெயில். கித்துல்கலைப் பக்கம் இரவு முழுக்க மழையாம். களனி கங்கை அப்படித்தான். மேலே பெய்ததெல்லாம் ஆறுதலாக இறங்கி வரும். 2016 மே மாதம் கொலன்னாவை மூழ்கியதை இங்கே யார் மறந்தார்கள்?

மழையைச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். ஆற்று மட்டத்தைச் சொல்வது நீர்ப்பாசனத் திணைக்களம். மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். பொதுமக்கள் 117இல் கூப்பிடுவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை. களனி கங்கையின் மட்டம் ஹங்வெல்லையில் மீற்றரில் வரும், கொழும்பு நாகலகம் வீதியில் அடியில். அங்கே 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். அழைப்புகள் குவியும் நேரத்தில் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

மே 16, இரவு

"தங்கச்சி, ரோட்டில தண்ணி முழங்காலுக்கு வந்திட்டுது. அம்மாவை டயலிசிஸுக்குக் கொண்டு போகோணும்." மாற்று வழியால் வண்டி அனுப்பினோம், போய்ச் சேர்ந்தது.

எந்த ஒழுங்கையில் தண்ணீர், எப்போது ஏறியது என்பதெல்லாம் எங்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. தெருவுக்குத் தெரு மழைமானி இல்லையே. அந்தத் தகவல் எங்கள் பதிவேட்டைத் தாண்டிப் போவதில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

மேற்பார்வையாளர் அண்ணாவிடம் சொன்னேன். உடனே அவர் பணியிலிருந்த முன்னறிவிப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து கேள்விகள்: மழை இன்னும் பெய்கிறதா? ஏறுகிற தண்ணீரா, தேங்கிய தண்ணீரா? கான் நிரம்பியதா, ஆறு பெருகியதா? அருமையான கேள்விகள். கானில் நிரம்பியது மழை விட்டால் வடியும்; ஆற்றுத் தண்ணீர் என்றால் நாள்கணக்கில் நிற்கலாம். இனி அழைப்பவர்களிடம் நானும் இவற்றைக் கேட்பேன்.

மே 18

பணி மாறும் நேரங்களில் முன்னறிவிப்பாளருடன் ஐந்து நிமிடம் பேச அண்ணா சம்மதம் வாங்கிவிட்டார். எங்கே, எப்போது, எவ்வளவு நிச்சயம் என்பதை அவர்கள் சொல்வார்கள். தண்ணீர் ஏறிய இடங்களை நாங்கள் சொல்வோம். "உறுதியில்லை, ஆனால் தயாராக இருங்கள்" என்றாலும் போதும். ஒரு வண்டியை நகர்த்தி வைக்க அது தாராளம்.

நீர்ப்பாசனப் பக்கத்தையும் இதில் சேர்க்க வேண்டும். நாளை கடிதம் எழுதுகிறேன்.