நிறைமாத நடை: மனத்துக்காகக் கிரிவலம் போகிறவர்களுக்கு

தூக்கம் கெட்டவர்கள், துக்கம் தாங்காதவர்கள், காரணமே தெரியாமல் உள்ளுக்குள் கனத்துப் போனவர்கள் என்று எத்தனையோ பேர் திருவண்ணாமலையைத் தேடி வருகிறார்கள். சிலரை ஜோசியர் அனுப்புகிறார், சிலரை வீட்டுப் பெரியவர்கள் அனுப்புகிறார்கள். வந்தும் ஆறுதல் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்திருப்பார்கள். 14 கிலோமீட்டரை ஓட்டமும் நடையுமாக மூன்று மணி நேரத்தில் முடித்து, கால் மரத்துப்போய்ப் பஸ் ஏறியிருப்பார்கள். நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல மலையைச் சுற்ற வேண்டும் என்று சொல்லி வைத்தார்களே, கிரிவலத்தின் பலன் முழுக்க அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். முடியாதென்றால் அந்த மாதம் போகாமல் இருப்பதே நல்லது.

முதலில் நாள். பௌர்ணமி என்பது ஒரு தேதி அல்ல, ஒரு திதி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் வானத்தில் உள்ள கோண இடைவெளி 12 பாகை கூடக்கூட ஒரு திதி கழிகிறது. 168 பாகையில் பௌர்ணமி பிறக்கிறது, 180இல் முடிகிறது. சந்திரன் சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் போவதால் ஒரு திதி 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை நீளும். ஆகவே பௌர்ணமி திங்கள் இரவு 7.40க்குப் பிறந்து செவ்வாய் மாலை 6.10க்கு முடியலாம். நடக்கவேண்டியது திங்கள் இரவு. ஆனால் தினசரிக் காலண்டர் சூரிய உதயத்தில் இருக்கும் திதியைப் பெரிதாகப் போடும் என்பதால் செவ்வாய்க்கிழமைத் தாளில்தான் பௌர்ணமி என்று இருக்கும். அதைப் பார்த்துச் செவ்வாய் இரவு போய் நிற்கிறவர்கள் உண்டு. அப்போது அடுத்த திதியான பிரதமை தொடங்கியிருக்கும். தாளின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் தொடக்கமும் முடிவுமே நமக்கு முக்கியம்.

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி கணிப்பது, திருக்கணிதம் வானத்தில் இன்று காணும் நிலைக்குத் திருத்தியது. இரண்டையும் வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம். கோயில் நிர்வாகமே மாதாமாதம் கிரிவல நேரத்தை அறிவிக்கிறது, அதைப் பின்பற்றினால் போதும்.

சந்திராஷ்டமத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், பயந்தே பயணத்தை நிறுத்துகிறவர்கள் அதிகம். ஜன்ம ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் இருக்கும் இரண்டேகால் நாள் அது. பௌர்ணமி நிறையும் நேரத்தில் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரில், ஏழாம் ராசியில் நிற்பான். சித்திரையில் சூரியன் மேஷம், சந்திரன் துலாம், ஆக மீன ராசிக்காரர்களுக்குச் சந்திராஷ்டமம். ஐப்பசியில் சூரியன் துலாம், சந்திரன் மேஷம், அன்று கன்னி ராசிக்கு. எந்த ராசியானாலும் வருஷத்தில் ஒரு பௌர்ணமி இப்படி அமையும். சந்திரன் மனோகாரகன், அதாவது மனத்துக்கு அதிபதி, அன்றைக்கு மனம் சட்டென்று கலங்கும் என்பதே ஜோதிடம் தரும் எச்சரிக்கை. கோயிலுக்குப் போகக்கூடாது என்று அதற்குப் பொருளில்லை. அன்று தனியாகப் போகாதீர்கள், முக்கியமான முடிவு எதையும் எடுக்காதீர்கள். மனசு கேட்கவில்லை என்றால் அடுத்த மாதம் வையுங்கள்.

இன்னொன்று. ஒன்பது பௌர்ணமி, நாற்பத்தெட்டு பௌர்ணமி என்று எண்ணிக்கையாக வேண்டிக்கொள்ள வேண்டாம். ஏற்கனவே நொந்திருக்கும் மனசுக்கு, ஒரு மாதம் தவறிவிட்டால் அதுவே புதுக் குற்ற உணர்ச்சியாகிவிடும். ஒரு முறை போய் ஒழுங்காக நடந்துவிட்டு, அடுத்ததைப் பிறகு யோசிக்கலாம். கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பௌர்ணமியை விட்டுவிட்டுச் சாதாரண நாளில் விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கட்டும். செவ்வாய்க்கிழமை இந்தத் தலத்துக்கு உகந்ததாகச் சொல்வார்கள். சித்திரா பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் உங்கள் நடை உங்கள் கையில் இருக்காது.

உடம்பைத் தயார் செய்ய மூன்று வாரம் வேண்டும். வழக்கமாகச் செருப்பில்லாமல் நடப்பவர் குறைவு, ஆனால் இங்கே வெறுங்காலோடு 14 கிலோமீட்டர். மொட்டை மாடியிலோ சிமென்ட் தரையிலோ தினம் 10 நிமிஷம் வெறுங்காலில் நடக்க ஆரம்பித்து 30 நிமிஷத்துக்குக் கொண்டுவாருங்கள். வாரக் கடைசியில் ஒரு நீள நடை: முதல் வாரம் 4 கிலோமீட்டர், அடுத்தது 6, பிறகு 8. எட்டு நடக்க முடிந்தவர் மெதுவாகப் பதினாலும் நடந்துவிடுவார்.

மாலையில் மூன்று பயிற்சி. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைக் கீழே இறக்கி 30 விநாடி நில்லுங்கள், ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. கெண்டைக்கால் பிடிப்புக்கு இந்தத் தசை இறுகியிருப்பதும் ஒரு காரணம். அடுத்து, கால் விரல்களை உள்பக்கம் மடக்கி ஊன்றியபடி வஜ்ராசனத்தில், அதாவது மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து, அரை நிமிஷம். உள்ளங்கால் நன்றாக இழுபடும், முதல் வாரம் எரியவும் செய்யும். கையை முன்னால் ஊன்றிப் பாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் இதை விட்டுவிடவேண்டும். மூன்றாவது, மல்லாந்து படுத்து ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டிக் காலை நேராக மேலே தூக்கி ஒரு நிமிஷம், பிறகு மறுகால். தொடையின் பின்பக்கம் தளர்ந்தால் இடுப்பு வலியும் குறையலாம்.

மூச்சுக்கு நாடிசுத்தி, அதாவது ஒரு நாசியில் இழுத்து மறு நாசியில் விடும் மாற்று மூச்சு, தினம் 10 நிமிஷம். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். கும்பகம், அதாவது மூச்சைப் பிடித்துவைப்பது, வேண்டாம். திருமந்திரத்தில் பூரகம் (உள்மூச்சு) 16, கும்பகம் 64, ரேசகம் (வெளிமூச்சு) 32 என்று அளவு இருக்கிறதே என்று கேட்பார்கள். அது குருவின் பக்கத்தில் உட்கார்ந்து பல காலம் பழகியவர்களுக்கான அளவு. படபடப்பும் பயமும் உள்ளவர் மூச்சைப் பிடித்துவைத்தால் படபடப்புதான் கூடும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, நமக்கு வேண்டியது அவ்வளவே. இதையே நடையிலும் வைத்துக்கொள்ளுங்கள்: நாலு அடிக்கு உள்மூச்சு, ஆறு அடிக்கு வெளிமூச்சு. மொத்தம் பத்து அடி, நமசிவாய இரண்டு முறை. அடிக்கு ஓர் எழுத்து சரியாக உட்காரும். மூச்சு இரைக்கிறது என்று தோன்றினால் கணக்கை விட்டுவிட்டு நடையைக் குறையுங்கள்.

கிளம்பும் அன்று இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். மூன்று இட்லி, கொஞ்சம் சட்னி போதும். வழியெங்கும் அன்னதானம் நடக்கும், கையில் கொடுப்பதை மறுக்க மனம் வராது. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் வாங்கிச் சாப்பிட்டால் பாதி வழியிலேயே கண் சொக்கும். ஓரிடத்தில் மட்டும், அரை வயிறு. தண்ணீர் முக்கால் மணிக்கு ஒரு தம்ளர் அளவு, ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்துப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கடலை மிட்டாய் இரண்டு. ஜீன்ஸ் வேண்டாம், வியர்வையில் தொடை உரசிப் புண்ணாகும். பருத்தி வேட்டி, பருத்திச் சேலை, தொளதொளப்பான சுடிதார் எதுவானாலும் சரி. பௌர்ணமிக்கு வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து கோயிலுக்கு நடக்கும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

ராஜகோபுரத்தில் தொடங்கி மலை வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றவேண்டும். சாலையின் இடது ஓரமாக நடப்பது மரபு. மலையடியை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை. வழியில் எட்டுத் திசைக்கும் ஒன்றாக எட்டு லிங்கக் கோயில்கள் வரும். கிழக்கே இந்திர லிங்கம், பிறகு செங்கம் சாலையில் அக்னி லிங்கம், சேஷாத்ரி ஆசிரமம், ரமணாசிரமம். 1896இல் இங்கே வந்த ரமணர் 1950இல் உடலை விடும்வரை இந்த மலையைப் பிரியவில்லை. யம லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை வலப்புறம் பிரியும். அதுவரை கடை, வண்டி, ஒலிபெருக்கி என்று இரைச்சல்தான். இந்தப் பகுதியில் மனம் அடங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், யாருக்கும் அடங்காது. சாதாரண நாட்களில் செங்கம் சாலையில் லாரியும் பஸ்ஸும் ஓடும், நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்.

நிருதி லிங்கத்துக்குப் பிறகு மலையின் முகம் மாறும். பேச்சு நிற்கவேண்டிய இடம் இதுதான். கூட வந்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, கைபேசியை அணைத்துப் பையில் போட்டு, வருண லிங்கம், அடி அண்ணாமலை, வாயு லிங்கம் வரை மௌனமாக நடங்கள். அழுகை வந்தால் வரட்டும். பலருக்கு இந்தப் பகுதியில்தான் வருகிறது. நாலைந்து கிலோமீட்டர் சீராக மூச்சுவிட்டு நடந்த உடம்பு அப்போதுதான் இறுக்கத்தை விடுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடையைத் தொடருங்கள், என்ன ஏது என்று ஆராய வேண்டாம்.

ராசிப்படி லிங்கம் பார்க்கிறவர்களுக்கு வழக்கில் உள்ளது இது: ரிஷபமும் துலாமும் இந்திரன், சிம்மம் அக்னி, விருச்சிகம் யமன், மேஷம் நிருதி, மகரமும் கும்பமும் வருணன், கடகம் வாயு, தனுசும் மீனமும் குபேரன், மிதுனமும் கன்னியும் ஈசானியம். பௌர்ணமியில் எட்டு இடத்திலும் வரிசையில் நின்றால் நடை அறுந்துபோகும். உங்கள் ராசிக்குரிய இடத்தில் மட்டும் உள்ளே போங்கள், மற்றவற்றுக்கு வெளியிலிருந்தே கும்பிடு போதும். குபேர லிங்கத்தில்தான் வரிசை மிக நீளம், அதற்காக முக்கால் மணி நிற்கும்போது தசை குளிர்ந்து இறுகிவிடும். உட்கார்வதானாலும் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

குபேர லிங்கத்தைத் தாண்டி வரும் குறுகலான சிறு கோயிலான இடுக்குப் பிள்ளையாரில் பின்பக்கமாக நுழைந்து ஒருக்களித்தபடி முன்னால் தவழ்ந்து வெளியேறுவார்கள். இடுப்புவலி தீரும் என்று நம்பிக்கை. ஆனால் முதுகுத் தட்டு விலகியிருப்பவர்கள் உடம்பைத் திருகி நுழையக்கூடாது. தோள் அகலமானவர்கள் பதறினால்தான் மாட்டிக்கொள்வார்கள், மூச்சை முழுக்க வெளியேவிட்டு நகர்ந்தால் வழி கிடைக்கும். கடைசியாக ஈசான்ய லிங்கம், பக்கத்தில் ஊர்ச் சுடுகாடு. நெருங்கியவரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் இங்கே கண்ணைத் தாழ்த்திக் கடந்துவிடுவார்கள். ஒரு நிமிஷம் நின்று அவர் பெயரை மனசுக்குள் சொல்லிவிட்டுப் போங்கள் என்பேன்.

யார் வெறுங்காலில் நடக்கக்கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கல் குத்தினாலும் தெரியாது. மூன்றாம் நாள் புண்ணாகத்தான் தெரியும். தடித்த பருத்திக் காலுறையோடு கேன்வாஸ் ஷூ போட்டு நடக்கட்டும், மலை கோபித்துக்கொள்ளாது. வலிப்பு உள்ளவர்களும், பைபோலார் என்ற மனச்சுழற்சி உள்ளவர்களும் இரவு முழுக்க விழிக்கக்கூடாது, தூக்கம் கெட்டாலே நோய் கிளம்பும். நன்றாகத் தூங்கி எழுந்து விடியற்காலையில் நடக்கட்டும். அந்த மனச்சுழற்சிக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வியர்த்துத் தண்ணீர் குறைந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. கிரிவலம் போய்விட்டோமே என்று எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

முடிந்ததும் உடனே பஸ் ஏறுவதுதான் கடைசித் தவறு. அதைவிட மோசமானது, இரவெல்லாம் நடந்துவிட்டு விடியலில் தானே காரோட்டிக்கொண்டு திரும்புவது. ஓர் அறை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் உப்புப் போட்டுப் பாதத்தைக் கால் மணி வைத்திருந்து, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்க வேண்டாம். சுவரில் காலைச் சாய்த்துப் பத்து நிமிஷம் விபரீதகரணி, பிறகு சவாசனத்திலேயே தூங்கிவிடலாம். மறுநாள் செருப்போடு 20 நிமிஷம் நடந்தால் கால் வீக்கம் இறங்கும். இரண்டாம் நாளில் மனம் சற்றுத் துவளும், பயணம் வீணாகிவிட்டதோ என்று தோன்றும். தூக்கக் கடன் தீரவில்லை என்பதே காரணம். அன்று சீக்கிரம் படுத்துவிடுங்கள்; காலையில் எழுந்ததும் நாலுக்கு ஆறு என்ற அதே மூச்சைப் பத்து நிமிஷம்.