வலை வீசினாலே லெவல் ஏறினால்: என் மீனவர் கேம், மூன்றாவது மாதம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தை வைத்து கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் நான் செய்துகொண்டிருக்கும் ஆர்பிஜியில் (பாத்திரத்தின் திறனை வளர்த்து ஆடும் கேம்) கடல், படகு, மீன் எல்லாம் ஒரு மாதிரி ஓடுகிறது. திறன் முறையை மட்டும் இதுவரை மூன்று தடவை பிரித்துப் போட்டுவிட்டேன்.

முதலில் ஸ்கைரிம் (2011) கேமைப் போல, எதைச் செய்கிறோமோ அதுவே வளரட்டும் என்று விட்டேன். ஒரு வீச்சுக்கு 10 பாயிண்ட், அடுத்த லெவலுக்கு, இப்போதைய லெவல் எண்ணை 50-ஆல் பெருக்கினால் வரும் பாயிண்ட். அத்தைப் பையனிடம் ஆடக் கொடுத்தால் படகு பக்கமே போகவில்லை, தேவனாம்பட்டினம் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று வீசிக்கொண்டே இருந்தான். ஒரு நெத்திலிகூடச் சிக்கவில்லை, 225 வீச்சில் பத்தாவது லெவல்! கேட்டால், "நீதான மச்சான் வீசினா பாயிண்டுன்னு வச்ச" என்கிறான். சரிதான். ஸ்கைரிமிலேயே இரும்புக் கத்தியாக அடித்துத் தள்ளி கொல்லர் திறனை ஏற்றினார்கள், பிறகு செய்த பொருளின் மதிப்பைப் பார்த்துப் புள்ளி தரும்படி மாற்றினார்கள். நானும் வீச்சுக்குப் புள்ளியை எடுத்துவிட்டு, வலையில் வந்ததற்கு மட்டும் தருகிறேன்: புது வகை மீன் என்றால் 40, அதே மீன் திரும்பத் திரும்ப வந்தால் குறைந்து குறைந்து 2.

அப்புறம் பெர்க், அதாவது லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் தனிச் சலுகை. லெவலுக்கு ஒன்று, எல்லாமே "மீன் 5% கூடுதல்" ரகம். பத்து கிலோ வரும் வலையில் அரைக் கிலோ கூடினால் யார் கவனிப்பார்கள்? இருபதில் பதினான்கைத் தூக்கிவிட்டேன். முதல் ஃபால்அவுட் கேமில் (1997) பெரும்பாலும் மூன்று லெவலுக்கு ஒரு பெர்க்தான், அதையே பிடித்துக்கொண்டேன். மிஞ்சியதில் எனக்குப் பிடித்தது 'நீரோட்டம்': எடுத்தால் தண்ணீர் நிறம் மாறும் கோடு திரையில் தெரியும். அதை எடுத்த பிறகு பையன் இன்ஜினை அணைத்துவிட்டு, கோடு படகுப் பக்கம் நகர்ந்து வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தான். ஆடும் விதமே மாறிவிட்டது.

இப்போது தலைவலி மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு இறங்காது, நிஜத்தைப் போலவே. அந்த நாட்களில் வலை பின்னும் திறன் வளரட்டும் என்று நினைத்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் கட்டுமரத்துக்குத் தடை இல்லையே! வஞ்சிரம் விலையும் ஏறியிருக்கும், கட்டுமரம் எடுத்தவன் அந்த இரண்டு மாதத்தில் மற்றவனைவிட ஆறு லெவல் முன்னால் போய்விடுகிறான். கட்டுமரம் தாங்கும் எடையைக் குறைத்துப் பார்க்கப் போகிறேன்.